தொழிற்சாலை வேனா, ஐடிஐயா, பாலிடெக்னிக்கா, தோட்டமா? கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ முடிவு வரும் மே மாதத்தில் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். பிள்ளையை அடுத்து எங்கே அனுப்புவது? வசதி உள்ள வீட்டில் அது எந்தக் கல்லூரி என்ற கேள்வி. கொஞ்சம் மானாவாரி நிலம், இரண்டு கறவை மாடு, நூறு நாள் வேலை என்று ஓடும் வீட்டில் கேள்வி வேறு. கடன் வாங்காமல், பிள்ளையைத் தூரம் அனுப்பாமல், பக்கத்திலேயே நிலையான பிழைப்பு அமையுமா என்று கேட்கிறார்கள். அந்த வீட்டுப் பெற்றோரையும், அவர்களுக்கு யோசனை சொல்லும் ஆசிரியர்களையும், ஊரின் முன்னாள் மாணவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கு இல்லாத ஒரு வசதி எங்கள் பக்கம் உண்டு. வேலை இங்கேயே இருக்கிறது. 1970களில் ஓசூரில் மாநில அரசின் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய கம்பெனிகள் வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்னச் சின்ன லேத் பட்டறைகளும் மெஷினிங் யூனிட்டுகளும் சுற்றிலும் முளைத்தன. இப்போது குருபரப்பள்ளியில் டெல்டா, போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரை அடுத்த திம்ஜேப்பள்ளியில் டாடா எலெக்ட்ரானிக்ஸ். இன்னொரு பக்கம் மா, ரோஜா, குடைமிளகாய், தக்காளி, பால். அதனால் வேலை கிடைக்குமா என்ற கவலையைவிட, எந்த வாசல் வழியாக உள்ளே போவது என்ற யோசனைதான் இங்கே முக்கியம்.

பெரும்பாலான வீடுகளில் முதல் மாதச் சம்பளத்தை வைத்தே முடிவு எடுக்கிறார்கள். கையில் காசு இல்லாத வீட்டில் அப்படித்தான் எடுக்க முடியும், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் கூடவே இன்னொரு அளவுகோலையும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். மூன்று வருடம் கழித்து அந்தக் கம்பெனி “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டால், பிள்ளை இதே மாவட்டத்தில் வேறு எத்தனை இடத்தில் போய் வேலை கேட்க முடியும்? கையில் என்ன தொழில் இருக்கும், அதற்கு என்ன சான்றிதழ் இருக்கும்? கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்.

முதலில், நேரே தொழிற்சாலைக்குப் போவது. பிளஸ் டூ முடித்த பெண்களை எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் பெரிய எண்ணிக்கையில் எடுக்கின்றன. ஊருக்கே வேன் வரும், அல்லது ஹாஸ்டல் இருக்கும், கேன்டீனில் சாப்பாடு உண்டு. இதில் நல்லது நிறைய இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, மாதாமாதம் அதில் விழும் பணம், வீட்டில் பேச்சுக்குக் கிடைக்கும் மரியாதை, இவையெல்லாம் ஒரு 18 வயதுப் பெண்ணுக்குச் சின்ன விஷயம் இல்லை. குழந்தைத் திருமணம் இன்னும் முற்றாக ஒழியாத பகுதி இது. சம்பாதிக்கும் பெண்ணுக்கு அவசரமாகக் கல்யாணம் பேசுவது தள்ளிப்போகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே சில வீடுகளில் இந்த வழிதான் சரியாக இருக்கும்.

குறை எங்கே என்றால், உற்பத்தி லைனில் நிற்கும் பிள்ளை கற்றுக்கொள்வது ஒரே ஒரு வேலைப் பகுதியை. மூன்று வருடம் அதைத் திருத்தமாகச் செய்திருந்தாலும், அடுத்த கம்பெனி அவளைப் புது ஆளாகத்தான் எடுக்கும். பலரைக் கம்பெனி நேரடியாக எடுப்பதும் இல்லை, ஒப்பந்ததாரர் மூலம் எடுக்கிறார்கள். அதனால் சேரும் முன்பு சிலவற்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். நியமனக் கடிதத்தில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது? பிஎஃப் என்ற வருங்கால வைப்பு நிதிக் கணக்குக்கு, கம்பெனி மாறினாலும் மாறாத யுஏஎன் எண் தருவார்களா? சம்பளச் சீட்டில் பிஎஃப் 12 சதவீதம், இஎஸ்ஐ மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம் பிடித்தம் தெரிகிறதா? ஹாஸ்டல், கேன்டீன், வேன் எல்லாம் கழித்தபின் கையில் எவ்வளவு வரும்? அப்புறம் ஒன்று, அசல் மதிப்பெண் பட்டியலையும் டிசியையும் யாரிடமும் கொடுத்துவைக்க வேண்டாம். சரிபார்த்துவிட்டு நகலை வைத்துக்கொள்ளட்டும். “அசல் இங்கேயே இருக்கட்டும்” என்று சொல்லும் இடத்தில் சேராமல் இருப்பதே நல்லது.

அடுத்தது ஐடிஐ, அதாவது தொழிற்பயிற்சி நிலையம். இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது, ஏனென்றால் எங்கள் பக்கம் அதிகம் ஒதுக்கப்படும் வழியும் இதுதான். படிப்பு வராத பையன் போகும் இடம் என்று பெற்றோர் மனதில் பதிந்துபோயிருக்கிறது.

செலவில் இருந்து பார்ப்போம். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ், சீருடை, ஷூ, பாடப் புத்தகம் எல்லாம் அரசு தருகிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனாக இருந்தால் 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000 ரூபாய். இந்தத் திட்டங்கள் கல்லூரிக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஐடிஐக்கும் பாலிடெக்னிக்குக்கும் உண்டு. பெண்கள் சேர வயது வரம்பு கிடையாது. ஆகவே கல்யாணமாகி, குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகும் ஒரு பெண் வந்து சேரலாம்.

எந்தத் தொழிற்பிரிவு என்பதில்தான் கவனம் வேண்டும். ஓசூரில் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் மூன்றுக்கும் பெரிய கம்பெனியிலும் இடம் உண்டு, சின்ன யூனிட்டிலும் இடம் உண்டு. தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களை 2,877 கோடி ரூபாய் செலவில், கணினி வழி நவீன உற்பத்தியைக் கற்றுத்தரும் தொழில் 4.0 மையங்களாக மாற்றியிருக்கிறது. அதோடு கணினி இயக்கும் மேம்பட்ட சிஎன்சி மெஷினிங், மின்வாகன மெக்கானிக், தொழில்துறை ரோபாட்டிக்ஸ் போன்ற புதுப் பிரிவுகளும் வந்திருக்கின்றன. ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு சிஎன்சி நல்ல தேர்வு. ஆனால் ஊரிலேயே இருக்க வேண்டும் என்ற பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது எலெக்ட்ரீஷியன்தான். தொழிற்சாலைப் பராமரிப்பு, மின்வாரியக் கள உதவியாளர் பதவி, வீட்டு வயரிங், போர்வெல் மோட்டார், சோலார் பம்ப் என்று ஒரே சான்றிதழ் ஐந்து பக்கம் போகும். வேறு எந்தப் பிரிவும் கிராமத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் இப்படிச் சேர்ந்தே உதவுவதாக எனக்குத் தெரியவில்லை.

பெண்பிள்ளைக்கு ஃபிட்டரும் எலெக்ட்ரீஷியனும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. லைனில் நிற்பவர்களில் பெண்கள் அதிகம், மெஷினைப் பழுது பார்க்கும் பராமரிப்புக் குழுவிலோ பெரும்பாலும் ஆண்கள். கம்பெனி ஆள் குறைக்கும்போது முதலில் போவது லைன் வேலை. மெஷின் இருக்கும்வரை அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தொழிற்பிரிவுச் சான்றிதழோடு உள்ளே போகும் பெண் அந்தப் பக்கம் நிற்க முடியும்.

ஐடிஐ முடித்தபின் ஒரு வருடத் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சியையும் சேர்த்துத்தான் இந்த வழியைக் கணக்கிட வேண்டும். அதை விட்டுவிட்டால் பாதிப் பயன்தான். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும். 2019 விதிகளில் ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 7,000 ரூபாய்க்குக் குறையாமல் வைத்தார்கள். அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய், மத்திய அரசு தருகிறது. முடிவில் தேர்வெழுதி வாங்கும் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் இந்தியா முழுக்கச் செல்லும். ரயில்வேயின் லெவல்-1 எனப்படும் கடைநிலைப் பணிகளில், ரயில்வேயிலேயே பழகுநர் பயிற்சி முடித்து அந்தச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு 20 சதவீத இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பயிற்சி கொடுத்த கம்பெனி வேலை தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அதைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும்.

இங்கே ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ‘ட்ரெயினி’ என்று கம்பெனி தானாக வைக்கும் பெயருக்கும் சட்டப்படியான பழகுநருக்கும் சம்பந்தமில்லை. அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் ஒப்பந்தம் பதிவாகி, அதற்கு எண் வந்திருந்தால்தான் முடிவில் சான்றிதழ் கிடைக்கும். சேர்ந்த முதல் மாதமே அந்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

மேலே படிக்க வழியும் அடைபடவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு வருட ஐடிஐ முடித்து, தமிழ், ஆங்கிலத் தாள்களில் தேர்ச்சி பெற்றால் பிளஸ் டூவுக்கு இணையாக எடுத்துக்கொள்கிறார்கள். ஐடிஐயிலிருந்து பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டுக்கும், அங்கிருந்து பொறியியல் இரண்டாம் ஆண்டுக்கும் நேரடியாகப் போகலாம். நடுவில் சம்பாதித்து, பிறகு தொடரவும் செய்யலாம்.

ஐடிஐ என்ற பெயர் இருந்தாலே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. பெயருக்கு நடக்கும் தனியார் நிலையங்களும் இருக்கின்றன. என்சிவிடி என்ற தேசிய அளவிலான அங்கீகாரம் அந்தத் தொழிற்பிரிவுக்கே இருக்கிறதா என்று பாருங்கள், நிலையத்துக்கு இருந்தால் போதாது. ஒரு வேலைநாளில் போய்ப் பட்டறைக்குள் எட்டிப் பாருங்கள். லேத் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், பக்கத்தில் இரும்புச் சீவல் கிடக்க வேண்டும்.

பாலிடெக்னிக் எப்போது ஐடிஐயை முந்தும்? கணக்கும் அறிவியலும் ஓரளவு வரும் பிள்ளையாக இருந்து, வீடு இரண்டு மூன்று வருடம் பொறுத்துக்கொள்ள முடிந்தால் பாலிடெக்னிக்தான் என் தேர்வு. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்று வருடம், பிளஸ் டூவில் உரிய பாடங்களையோ தொழிற்கல்விப் பிரிவையோ எடுத்திருந்தால் நேரே இரண்டாம் ஆண்டு. அரசுக் கல்லூரியில் கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரங்களில் முடியும். டிப்ளமோ படித்தவரைத் தரக்கட்டுப்பாடு, உற்பத்தி மேற்பார்வை போன்ற இடங்களில் வைக்கிறார்கள். பதவி உயர்வும் ஐடிஐக்காரரைவிடச் சீக்கிரம் வரும். ஆனால் கையால் செய்யும் பழக்கம் குறைவு, ஊரில் சொந்தமாகத் தொழில் தொடங்க அது உடனே உதவாது.

பொறியியலைப் பொறுத்தவரை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். கட்டணத்தை அரசே கட்டுகிறது. பர்கூரில் 1994 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. கலந்தாய்வில் கடைசிச் சுற்றுவரை வந்து, ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் ஏதோ ஒரு பிரிவைக் கடன் வாங்கிப் படிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். நான்கு வருடமும் சில லட்சமும் போட்டுவிட்டு, ஐடிஐ முடித்தவர் செய்யும் வேலைக்கே விண்ணப்பிக்கும் பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறைய.

கலை அறிவியல் பட்டம் பற்றி ஒன்றே ஒன்று. அரசு வேலைக்காகத்தான் பட்டம் என்றால், குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே போதும். ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டே அதற்குப் படிக்கலாம். தேர்வுக்குத் தயாராவதாகச் சொல்லி வருடக்கணக்கில் வீட்டில் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆசிரியராகவோ ஆராய்ச்சிக்கோ போக விரும்பும் பிள்ளை தாராளமாகப் பட்டம் படிக்கட்டும்.

மருத்துவத் துறையில் கிருஷ்ணகிரியின் நிலைமை மாறியிருக்கிறது. 2022 ஜனவரியில் இங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள், தர்மபுரியில் 2008 முதல் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் ஒரு வருடத் துணை மருத்துவச் சான்றிதழ்ப் படிப்புகளும், இரண்டு வருட லேப் டெக்னீஷியன் டிப்ளமோவும் அறிவியல் பிரிவு முடித்த பெண்களுக்கு நல்ல வழி. சிறு நகரத்து மருத்துவமனை, ஸ்கேன் சென்டர், லேப் எல்லாம் ஆள் தேடுகின்றன. அங்கீகாரம் இல்லாத இடத்தில் பணம் கட்டிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இனித் தோட்டம். நிலம் இருக்கும்போது பிள்ளை ஏன் கம்பெனிக்குப் போக வேண்டும் என்று கேட்கும் தாத்தாக்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் 2025 பருவத்தில் மாங்காய்க்கு நேர்ந்ததையும் மறக்க முடியாது. பெங்களூரா ரகம் கிலோ ஒற்றை இலக்க ரூபாய்க்கு இறங்கியது. பறிப்புக் கூலிக்கே கட்டாமல் பழத்தைக் கொட்டினார்கள். கூழ் ஆலை எடுக்கவில்லை என்றால் அந்த ரகத்துக்கு வேறு வாங்குபவர் கிடையாது. தண்ணீர் நிச்சயம் இல்லாத இரண்டு ஏக்கரை மட்டும் நம்பி ஒரு 18 வயதுப் பிள்ளையை நிறுத்துவது சரியாக எனக்குப் படவில்லை.

விவசாயத்தைச் சுற்றி நிற்கும் தொழில்கள் வேறு கதை. சொட்டுநீர் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் இருப்பதால் குழாய் இல்லாத தோட்டம் குறைந்துகொண்டே வருகிறது. அடைப்பு எடுக்க, வால்வு மாற்ற, உரத்தொட்டி சரிசெய்ய ஆள் எங்கே? மோட்டாருக்குக் காயில் கட்ட இன்னும் டவுனுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். தளி, பாகலூர், பேரிகைப் பக்கம் பசுமைக்குடில்களில் ரோஜாவும் குடைமிளகாயும் வளர்க்கிறார்கள். அங்கே நாற்று, மருந்து, வெப்பம் மூன்றையும் கவனிக்கத் தெரிந்த மேற்பார்வையாளருக்கு நல்ல மதிப்பு. பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையம், எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையம், தளியில் இஸ்ரேல் கூட்டுமுயற்சியில் அமைந்த மலர் மகத்துவ மையம் என்று கேட்டுக் கற்க இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. நான் சொன்ன அளவுகோலில் இந்தத் தொழில்கள் நன்றாகவே தேறும். ஒரு தோட்டக்காரர் வேண்டாம் என்றால் அடுத்த தோட்டக்காரர் கூப்பிடுவார்.

கடன் விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். எட்டாம் வகுப்பு முடித்தவர்க்கே மாநில அரசின் படித்த வேலையற்ற இளைஞர் திட்டமான யுஒய்இஜிபியில் 25 சதவீத மானியம் உண்டு. மத்திய அரசின் சுயதொழில் கடன் திட்டமான பிஎம்இஜிபியில் கிராமத்துப் பொதுப்பிரிவினருக்கு 25, பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்டோருக்கு 35 சதவீதம். பட்டியலின, பழங்குடி இளைஞர்களுக்கு 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியத்தோடு வட்டியிலும் 6 சதவீதச் சலுகை. மானியம் என்றதும் கையில் வரும் பணம் என்று நினைக்கிறார்கள். பிஎம்இஜிபியில் அது மூன்று வருடம் வங்கியில் தனியாகக் கிடக்கும், தவணை ஒழுங்காகக் கட்டியவருக்குத்தான் கடனில் கழியும். அதனால் முதலில் ஒருவரிடம் இரண்டு வருடம் வேலை பார்த்து, தன்னைத் தேடி வாடிக்கையாளர் வர ஆரம்பித்த பிறகு வங்கிக்குப் போவதுதான் சரி.

எந்த வழியானாலும், பெண்பிள்ளை விஷயத்தில் கடைசியில் முடிவு செய்வது பஸ்தான். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் காலை 8 மணிக்கு அந்தப் பேருந்து ஊருக்குள் வருகிறதா, மாலை இருட்டும் முன் திரும்புகிறதா? இதைப் பார்க்காமல் சேர்த்த பிள்ளை சில மாதத்தில் நின்றுவிடும். பள்ளி மேலாண்மைக் குழுவோ முன்னாள் மாணவர்களோ ஊருக்கு ஒன்று செய்ய நினைத்தால், நேரம் மாற்றக் கேட்டுப் போக்குவரத்துக் கழகத்துக்கு மனு கொடுத்து, அது நடக்கும்வரை விடாமல் போய்க் கேட்பதைத்தான் நான் முதலில் வைப்பேன். பரிசுக் கேடயமும் பாராட்டு விழாவும் அப்புறம் இருக்கட்டும்.

இரண்டாவது, பிளஸ் டூ வரை காத்திருக்காமல் ஒன்பது, பத்தாம் வகுப்பிலேயே பிள்ளைகளை ஓசூர் அல்லது தர்மபுரி அரசு ஐடிஐ பட்டறைக்குக் கூட்டிப்போய்க் காட்டுவது. அம்மாக்களையும் சேர்த்துக் கூட்டிப்போக வேண்டும். 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் பள்ளியிலேயே வழிகாட்டுதல் நடக்கிறது. அதில் கேட்டதைக் கண்ணாலும் பார்த்தால்தான் அம்மாவின் பயம் போகும். இதே ஊரில் படித்து இப்போது சிப்காட்டில் வேலை செய்யும் அக்கா ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை வந்து தன் சம்பளச் சீட்டைக் காட்டிப் பேசினால், அதை மேடைப் பேச்சு எதுவும் ஈடு செய்யாது.

மூன்றாவது, காகிதம். ஆதாரில் ஒரு எழுத்து, டிசியில் வேறு எழுத்து, வங்கியில் இனிஷியல் முன்னால், சாதிச் சான்றிதழில் பின்னால். இந்தச் சின்ன வித்தியாசத்தால் உதவித்தொகை நின்றுபோகும். ஜனவரி, பிப்ரவரியிலேயே பத்து, பிளஸ் டூ மாணவர்களின் காகிதங்களை ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தால் தீர்ந்துவிடும் வேலை இது.

சரி, ஒரு வீட்டுக்கு இன்றே பணம் வேண்டும், அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, காத்திருக்கவே முடியாது என்றால்? தொழிற்சாலைக்கே போகட்டும். ஆனால் ஒரு வருடக் கெடு வைத்து, சம்பளத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, அடுத்த ஜூனில் ஐடிஐக்கோ பாலிடெக்னிக்குக்கோ விண்ணப்பம் போடுவது என்று வீட்டில் இப்போதே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். அப்படிப் பேசாமல் போனால் ஒரு வருடம் ஐந்து வருடம் ஆகிவிடும்.

பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளையை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. துணைத் தேர்வு எழுதட்டும். அதுவும் கைகூடவில்லை என்றால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்தே வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளில் ஐடிஐயில் சேரலாம். முடித்து மொழித்தாள்கள் எழுதினால் பத்தாம் வகுப்புக்கு இணையும் கிடைக்கும். பள்ளி முடித்தும் எங்கும் சேராமல் நிற்பவர்களுக்காக ‘உயர்வுக்குப் படி’ முகாம்களை மாவட்டங்களில் நடத்துகிறார்கள். கலந்தாய்வு முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டாலும் விட்டுவிட வேண்டாம். ஐடிஐக்களில் மிஞ்சும் இடங்களுக்கு அதன் பிறகும் நேரடிச் சேர்க்கை நடப்பது வழக்கம். அசல் சான்றிதழ்களோடு ஒரு வேலைநாள் காலையில் முதல்வர் அறைக்கே போய், எந்தப் பிரிவில் எத்தனை இடம் காலி என்று கேளுங்கள்.